மூன்றாவது பந்து: பேஸ்பாலும் பகடிக் கவிதையும்

1

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி. மூன்று மாதம் உழைத்த ஒரு ரிலீஸை நாங்கள் சர்வரில் ஏற்றினோம். நாற்பது நிமிடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போக முடிவெடுத்தபோது இங்கே விடியற்காலை மூன்று மணி. கால்-இல் இருந்த பன்னிரண்டு பேரும் அமைதி. அப்போது அமெரிக்காவிலிருந்து பேசிய சீனியர் ஒருவர், பெருமூச்சு விட்டபடி ‘மட்வில்’ என்று ஒரு ஊர்ப்பெயரைச் சொல்லி, இன்றைக்கு அங்கே கொண்டாட்டம் இல்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அந்தப் பக்கம் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐ.டி. வேலைக்கு வந்த புதிதில் நாம் கற்றுக்கொள்ளும் முதல் திறமை அது. புரியாத ஜோக்குக்குச் சரியான இடத்தில் சிரிப்பது.

காலையில் தூங்கி எழுந்து தேடிப் பார்த்தேன். மட்வில் என்பது ஊரே இல்லை. 1888-ல் ஒரு பத்திரிகையில் வந்த ஒரு நகைச்சுவைப் பாட்டில் வரும் கற்பனைப் பெயர். பேஸ்பால் பற்றிய பாட்டு. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், ஒரு சர்வர் விழுந்தால் அமெரிக்கர்களுக்கு அந்த ஊர் ஞாபகம் வருகிறது. இது எப்படி நடந்தது என்று தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

தேடலில் முதலில் கைக்கு வந்த புத்தகம் எனக்கு ஒரு ஆச்சரியம். மார்ட்டின் கார்ட்னரை காலேஜ் நாட்களில் கணிதப் புதிர்க்காரராக மட்டுமே எனக்குத் தெரியும். ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் அவர் எழுதிய பத்தியைப் படித்து வளர்ந்த புரோகிராமர்கள் உலகம் முழுக்க உண்டு. அவர் 1967-ல் இந்த ஒரே ஒரு பேஸ்பால் பாட்டுக்கு உரை எழுதி, அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதிய தொடர்ச்சிகளையும் கேலிப்பாட்டுகளையும் திரட்டி ஒரு முழுப் புத்தகமே போட்டிருக்கிறார். ‘ஆலிஸின் அற்புத உலகம்’ நூலுக்கு உரை எழுதிய அதே கை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய ஆள் ஏன் உட்கார்ந்தார்?

2

முதலில் ஆட்டம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு நான்கு வரி போதும். பந்தை வீசுகிறவர் பிட்ச்சர், அடிக்கிறவர் பேட்டர். பந்து சரியான எல்லைக்குள் வந்தும் அடிக்காமல் விட்டாலோ, மட்டையைச் சுழற்றித் தவறவிட்டாலோ அது ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். மூன்று பேர் அவுட்டானால் அந்த அணியின் முறை முடிந்தது. இப்படி ஆளுக்கு ஒன்பது முறை. அடித்துவிட்டு மூன்று பேஸ்களையும் தொட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன்.

ஆனால் விதிகளைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இது தோல்வியை அடித்தளமாக வைத்துக் கட்டப்பட்ட ஆட்டம். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை சரியாக அடித்தாலே அவர் நட்சத்திரம். 1941-ல் டெட் வில்லியம்ஸ் எடுத்த .406 என்ற சராசரியை இன்றும் புராணம்போலப் பேசுகிறார்கள். அதாவது, பத்தில் ஆறு முறை தோற்றவரின் சாதனை அது. ஏழு தடவை தோற்கிறவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஆட்டத்தில், வீர காவியம் எழுதினால் அது தானாகவே பாதி கேலியாக மாறிவிடும். அந்த மீதிப் பாதியைக் கண்டுபிடித்தவர் எர்னஸ்ட் லாரன்ஸ் தேயர்.

தேயர் 1863-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்குக் கம்பளி ஆலைகள். ஹார்வர்டில் தத்துவம் படித்தார். வில்லியம் ஜேம்ஸ் அவருடைய ஆசிரியர். படிப்பில் கெட்டி என்றாலும் அங்கே அவர் உயிரை விட்டது ‘லாம்பூன்’ என்கிற மாணவர் நகைச்சுவை இதழுக்காக. அதன் ஆசிரியர் இவர். கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டவர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட். ஆமாம், பின்னாளில் பரபரப்புப் பத்திரிகை சாம்ராஜ்யத்தைக் கட்டிய அதே ஹர்ஸ்ட்தான். ஹர்ஸ்ட்டை ஹார்வர்டு வெளியேற்றியது. 1887-ல் அவருடைய அப்பா கையிலிருந்த ‘சான் ஃபிரான்சிஸ்கோ எக்ஸாமினர்’ பத்திரிகை மகன் கைக்கு வந்தது. உடனே பழைய லாம்பூன் கூட்டாளிகளைக் கூப்பிட்டார். தேயரும் போனார். ‘ஃபின்’ என்ற புனைபெயரில் பத்திகளும் கேலிப்பாட்டுகளும் எழுதினார். கொஞ்ச நாளில் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பி, அப்பாவின் ஆலை வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அங்கிருந்து அனுப்பிய கடைசிச் சில பாட்டுகளில் ஒன்று 1888 ஜூன் 3 அன்று வெளியானது. சன்மானம் 5 டாலர்.

பாட்டின் பெயர் ‘மட்டையோடு கேஸி’ என்று வைத்துக்கொள்ளலாம். பதின்மூன்று பத்திகள், ஐம்பத்திரண்டு வரிகள். கதை இதுதான்: மட்வில் அணி 4-2 என்று பின்தங்கியிருக்கிறது. கடைசி முறை. இரண்டு பேர் அவுட். நம்பிக்கை இழந்த சிலர் எழுந்து போகிறார்கள். மீதிப் பேர் கேஸிக்கு மட்டும் ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவனுக்கு முன்னால் இரண்டு சோப்ளாங்கிகள் ஆட வேண்டும். அதிசயமாக அந்த இரண்டு பேருமே அடித்துவிடுகிறார்கள். இரண்டு பேஸ்களில் ஆள், மட்டையோடு கேஸி, ஐயாயிரம் பேரின் ஆரவாரம். ஒரு ஹோம் ரன் அடித்தால் 5-4, ஆட்டம் முடிந்தது.

முதல் பந்தை அவன் அலட்சியமாக விடுகிறான். அது தன் தரத்துக்குக் குறைவாம். ஸ்ட்ரைக். கூட்டம் அம்பயரைக் கொல்லச் சொல்கிறது; கேஸி பெருந்தன்மையாகக் கையை உயர்த்தி அடக்குகிறான். இரண்டாவது பந்தையும் விடுகிறான். ஸ்ட்ரைக். மூன்றாவது பந்துக்குப் பல்லைக் கடித்து, முழு பலத்தோடு வீசுகிறான். அடுத்த பத்தியில் தேயர் மைதானத்திலேயே இல்லை. நாட்டில் வேறெங்கோ வெயில் அடிப்பதையும், வேறெங்கோ வாத்தியம் வாசிப்பதையும், குழந்தைகள் சத்தம் போடுவதையும் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் மட்வில்லுக்குத் திரும்பி ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார். கேஸி அவுட்.

இதில் வேலை செய்யும் பொறி ரொம்ப எளிமையானது. அன்றைய அமெரிக்கப் பள்ளிகளில் பையன்கள் நீண்ட வரிகளில் அமைந்த ரோமானிய வீரக்கதைப் பாட்டுகளையும் போர்ப் பாட்டுகளையும் மனப்பாடம் செய்து மேடையில் ஒப்பிப்பார்கள். தேயர் அந்த நடையை, அந்த இடியோசையை, மலையில் மோதி எதிரொலிக்கும் முழக்கத்தை எல்லாம் அப்படியே எடுத்து, ஒரு உள்ளூர் மைதானத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். பெரிய பாத்திரத்தில் சின்னப் பொருள். போலிக் காவியம் என்ற வகைக்கு இலக்கணமே இதுதான். தனக்கு முன்மாதிரி ஆங்கிலேய நகைச்சுவைக் கவிஞர் டபிள்யூ. எஸ். கில்பர்ட்டின் பாட்டுகள்தான் என்று தேயரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?

3

கேஸி, ஃப்ளின், கூனி. பெயர்களைப் பாருங்கள், எல்லாம் ஐரிஷ் வாசனை. அன்றைய பேஸ்பால் ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளைகள் நிறைந்த ஆட்டம். அதே பிள்ளைகள்தான் நியூ இங்கிலாந்தின் ஆலைகளிலும் கூலிக்கு நின்றார்கள். பள்ளியில் படிக்கும்போது தேயர் ஒரு ஐரிஷ் பையனைத் தன் கையெழுத்து இதழில் கிண்டல் செய்தாராம். ஆஜானுபாகுவான அந்தப் பையன் அடிக்க வருகிற மாதிரி வந்து மிரட்டியது மனதில் தங்கிவிட்டது. அவன் பெயர் கேஸி. பேருக்குப் பின்னால் இருப்பது அவ்வளவுதான், வேறு நிஜ ஆட்டக்காரர் யாரும் இல்லை என்று பின்னாளில் விளக்கம் சொன்னார்.

ஆக, பாட்டின் வேர் ஆலை முதலாளி மகனின் கேலி. ஹார்வர்டு பட்டதாரி, கூலிக்காரர்களின் நாயகனைப் பார்த்துச் சிரிக்கிறார். அதோடு நின்றிருந்தால் இந்தப் பாட்டு ஜூன் 4-ஆம் தேதி காய்கறி மடிக்கப் போயிருக்கும். அது போகாததற்குக் காரணம், சிரிக்கப்பட்டவர்கள் அதைப் பறித்துக்கொண்டார்கள்.

வெளிவந்த சில வாரங்களில் நியூயார்க்கில் ஒரு பத்திரிகை முன்பகுதியை வெட்டிவிட்டு, எழுதியவர் பெயர் இல்லாமல் மறுபதிப்பு செய்தது. ஜூலை மாத முடிவில் இன்னொரு விளையாட்டுப் பத்திரிகை கேஸியை எடுத்துவிட்டு ‘கெல்லி’ என்று போட்டது. மட்வில்லை எடுத்துவிட்டுப் பாஸ்டன் என்று போட்டது. மைக் ‘கிங்’ கெல்லி அன்றைய ஐரிஷ் சூப்பர் ஸ்டார். 1887-ல் சிகாகோ அணி அவரைப் பாஸ்டனுக்கு 10,000 டாலருக்கு விற்றது நாட்டையே வாய்பிளக்க வைத்த செய்தி. பின்னாளில் கெல்லியே மேடையேறி, தான் அவுட்டாகும் இந்தப் பாட்டைத் தன் பெயரிலேயே சொல்லிக் கைதட்டு வாங்கினார். தன்னைக் கேலி செய்யும் பாட்டைத் தானே பாடுகிறவனை அதற்கு மேல் என்ன கேலி செய்ய முடியும்?

அடுத்த கை டிவுல்ஃப் ஹாப்பர். நல்ல உயரம், அதைவிடக் கனமான குரல், நகைச்சுவை இசைநாடக நடிகர், பேஸ்பால் பைத்தியம். 1888 ஆகஸ்டில் நியூயார்க்கின் வாலக்ஸ் தியேட்டரில் ஒரு ராத்திரி, நியூயார்க் ஜயன்ட்ஸ், சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் என்ற இரண்டு அணிகளும் விருந்தினர்கள். அவர்களுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். ஆர்ச்சிபால்ட் கன்டர் என்ற நாவலாசிரியர் கலிஃபோர்னியாவில் கத்தரித்து எடுத்து வைத்திருந்த ஒரு காகிதத் துண்டு ஹாப்பர் கைக்கு வந்தது. மனப்பாடம் செய்து, நாடகத்தின் நடுவில் நிறுத்திச் சொன்னார். கேஸியின் பார்வையில் கூட்டம் அடங்கிப்போகும் இடத்தில், ஜயன்ட்ஸ் அணியின் பக் யூவிங்கின் பெரிய மீசை ஒரு தடவை துடித்ததைப் பார்த்தேன் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்புறம் அரங்கம் வெடித்தது. வாழ்நாளில் பத்தாயிரம் தடவைக்கு மேல் இதைச் சொன்னதாக ஹாப்பர் கணக்கு சொல்வார். 1906-ல் இசைத்தட்டாகவும் வந்தது.

அந்த மீசையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். யூவிங் தொழில்முறை ஆட்டக்காரர். ஆயிரம் தடவை அவுட் ஆனவர். அவர் சிரித்தது கேஸியைப் பார்த்து அல்ல, கேஸியாக. மேலிருந்து கீழே பார்த்து எழுதிய கேலி, கீழே போய்ச் சேர்ந்ததும் வேறு ஒன்றாகிவிட்டது.

தேயருக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. பலர் நான்தான் எழுதினேன் என்று கிளம்பினார்கள். அவர் சண்டைக்கும் போகவில்லை, பணமும் கேட்கவில்லை. இதை ஞாபகப்படுத்தாமல் இருந்தால் போதும் என்கிற மனநிலை. ஹாப்பர் அவரை ஒருமுறை வூஸ்டரில் சந்தித்தபோது, நண்பர்கள் வற்புறுத்தி தேயரையே பாட்டைச் சொல்ல வைத்தார்கள். மெல்லிய ஹார்வர்டு குரலில் அவர் சொன்னதுதான் நான் கேட்டதிலேயே மோசமான வாசிப்பு என்று ஹாப்பர் பதிவு செய்திருக்கிறார். எழுதியவனுக்கே அந்தப் பாட்டு வாயில் நிற்கவில்லை. 1940-ல் சான்டா பார்பராவில் இறக்கும்வரை, தத்துவம் படித்த மனிதரை உலகம் ஐம்பத்திரண்டு வரிக்காக மட்டுமே தெரிந்து வைத்திருந்தது.

தொடர்ச்சிகள் எழுதத் தடை ஏது? 1907-ல் விளையாட்டு எழுத்தாளர் கிராண்ட்லேண்ட் ரைஸ் ‘கேஸியின் பழிவாங்கல்’ எழுதினார். அதில் அதே பிட்ச்சர் திரும்ப வர, கேஸி ஹோம் ரன் அடித்து ஊரைக் காப்பாற்றுகிறான். நம்ம ஊர் மாஸ் படத்தின் இரண்டாம் பாதி மாதிரி. பிறகு கேஸியின் மனைவி, மகன், மகள் என்று ஒரு வம்சமே மைதானத்தில் இறங்கியது. ‘மேட்’ பத்திரிகையும் தன் பங்குக்கு இறங்கியது. கார்ட்னர் புத்தகம் இந்த வம்சாவளிதான். படித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். கேஸி ஜெயிக்கும் பாட்டு எதுவும் மூலத்தின் பக்கத்தில்கூட நிற்காது. ஜெயித்தபின் அவனிடம் நமக்கு என்ன வேலை?

4

தேயரின் பாட்டு நீளம் என்றால், இதற்கு நேர் எதிராக எட்டே வரியில் மூன்று பேரை அமரர் ஆக்கியவர் ஃபிராங்க்ளின் பி. ஆடம்ஸ். 1910 ஜூலையில் ‘நியூயார்க் ஈவினிங் மெயில்’ பத்திரிகையில் அவர் பத்தியில் எட்டு வரி இடம் மிச்சமாம். மேட்ச் பார்க்கப் போகும் அவசரத்தில் நிரப்பிக் கொடுத்தேன் என்பார். ஆடம்ஸ் சிகாகோக்காரர், கப்ஸ் அணியின் ரசிகர். வேலை பார்ப்பது நியூயார்க்கில். எனவே பாட்டை ஒரு நியூயார்க் ரசிகனின் ஒப்பாரியாக எழுதினார். கப்ஸ் அணியின் டிங்கர், எவர்ஸ், சான்ஸ் மூன்று பேரும் சேர்ந்து எங்கள் ஆட்களை இரண்டு இரண்டாக அவுட் ஆக்குகிறார்களே என்று புலம்பல்.

ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஜோ டிங்கர் பந்தை எடுத்து, இரண்டாம் பேஸில் ஜானி எவர்ஸுக்கு எறிய, அவர் முதல் பேஸில் ஃபிராங்க் சான்ஸுக்கு எறிய, இரண்டு பேர் காலி. இதற்கு டபுள் ப்ளே என்று பெயர். ஆடம்ஸ் செய்த குறும்பு, மூன்று பெயர்களும் அதே வரிசையில் பந்து மாதிரியே கை மாறும்படி திரும்பத் திரும்ப வைத்தது. சும்மா படித்தாலே நாக்கு டபுள் ப்ளே ஆடும். நடுவில் கோப்பைக் கொடிக்கு ஒரு பழைய இத்தாலிய வேர் கொண்ட பகட்டான சொல்லைச் செருகி, இழவு வீட்டில் பட்டு வேட்டி கட்டி வந்தவன் மாதிரி நிறுத்தினார்.

இதில் பின்னால் நடந்ததுதான் வேடிக்கை. பாட்டில் ஒரே உடம்பின் மூன்று கைகள்போல இயங்கும் இவர்களில், டிங்கரும் எவர்ஸும் நிஜத்தில் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். 1905-ல் இண்டியானாவில் ஒரு வாடகை வண்டி விஷயத்தில் கைகலப்பு. அதற்கப்புறம் வருடக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடினார்கள், பந்து மட்டும் கை மாறியது, வார்த்தை இல்லை. ஒரே டீமில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கோட் ரிவ்யூவில் மட்டும் பேசிக்கொள்ளும் இரண்டு பேரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரொம்ப காலம் கழித்து 1938-ல் ஒரு ரேடியோ ஒலிபரப்புக்காகச் சந்தித்தபோது இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்பார்கள்.

1946-ல் மூன்று பேரையும் ஒன்றாகவே பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். சான்ஸ் இறந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. இவர்கள் அந்த இடத்துக்குத் தகுதியா, இல்லை எட்டு வரிப் பாட்டு வாங்கிக் கொடுத்த இடமா என்ற தகராறு அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. நியாயமாகச் சொன்னால் அந்த அணி 1906-ல் 116 ஆட்டம் ஜெயித்தது. 1907, 1908 இரண்டு வருடமும் உலகக் கோப்பை. வெற்று ஆட்கள் இல்லை. ஆனால் அதே காலத்தில் அதே அளவுக்கு ஆடி, பெயர் சந்தத்துக்குள் அடங்காததால் மறந்துபோன ஆட்கள் எத்தனை பேரோ. வரலாறு தரவுகளால் மட்டும் எழுதப்படுவதில்லை, நாக்கில் எது நிற்கிறதோ அதாலும் எழுதப்படுகிறது. கேலிக்காரன் கையில் இருப்பது சின்ன அதிகாரம் இல்லை.

5

கவிதையிலிருந்து உரைநடைக்கு வந்தால் அங்கே நிற்பவர் ரிங் லார்ட்னர். சிகாகோவில் விளையாட்டு நிருபர். அணிகளோடு ரயிலில் போய், சீட்டாடி, குடித்து, அவர்கள் பேசுவதைக் காதில் வாங்கியவர். 1914-ல் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் கடிதக் கதைகள் எழுத ஆரம்பித்தார். ஜாக் கீஃப் என்ற கிராமத்துப் பிட்ச்சர், ஊரில் இருக்கும் நண்பன் ஆலுக்கு எழுதும் கடிதங்கள். எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை, பேச்சு எப்படியோ எழுத்து அப்படியே. கீஃப் பந்து வீசுவதில் கெட்டி. மற்ற எல்லாவற்றிலும் மக்கு. தோற்றால் காற்று, அம்பயர், சாப்பாடு, சக ஆட்டக்காரன் என்று யார் மீதாவது பழி. தன் மீது மட்டும் தப்பு இருக்காது. ரிலீஸ் சொதப்பிய மறுநாள் நாங்கள் எழுதிய அறிக்கையை நினைத்துக்கொண்டே அந்தக் கதைகளைப் படித்தேன்.

அன்றைய விளையாட்டுப் பத்திரிகைகள் ஆட்டக்காரர்களைக் கிரேக்க வீரர்களாக ஊதிக்கொண்டிருந்தன. லார்ட்னர் அந்த ஊதலுக்குப் பக்கத்தில் ஒரு நிஜமான வாயை வைத்தார். அது திறந்ததும் வீரம் தானாக வடிந்துவிட்டது. ஆனால் உள்ளே இருந்தவன் மனிதன்: கருமி, பயந்தாங்கொள்ளி, மகனைப் பார்த்து உருகுகிறவன். 1916-ல் புத்தகமாக வந்த இதை, பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத வர்ஜீனியா வுல்ஃப் 1925-ல் ஒரு கட்டுரையில் மெச்சினார். இங்கிலாந்தின் நாவலாசிரியனுக்குச் சமூகம் தரும் மையத்தை, சிதறிக் கிடக்கும் அமெரிக்காவின் எழுத்தாளனுக்கு விளையாட்டு தருகிறது என்பது அவர் கணிப்பு. அமெரிக்க ஆங்கிலம் தனி மொழி என்று வாதாடிய ஹெச். எல். மென்கனும் லார்ட்னரின் காதைத்தான் சாட்சிக்கு அழைத்தார். பேச்சு மொழியை எழுத்துக்குள் விடலாமா என்று இன்றும் சண்டை போடுகிற நமக்கு இது புரியாத விஷயமில்லை.

இந்தக் கதையில் ஒரு இருட்டான திருப்பம் உண்டு. லார்ட்னர் கூடவே பயணம் செய்து, தன் கதைகளிலும் உலவவிட்ட சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி, 1919 உலகக் கோப்பையில் சின்சினாட்டியிடம் தோற்றது. சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக எட்டு பேர் மீது குற்றச்சாட்டு. 1921-ல் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் பேஸ்பாலின் ஆணையர் லாண்டிஸ் எட்டு பேருக்கும் ஆயுள் தடை விதித்தார். தொடர் நடந்துகொண்டிருந்தபோதே லார்ட்னர் மோப்பம் பிடித்துவிட்டாராம். அந்த வருடம் எல்லார் வாயிலும் இருந்த, சோப்புக் குமிழி ஊதுவதைப் பற்றிய ஒரு பாட்டை எடுத்து, குமிழிக்குப் பதில் ஆட்டத்தைப் போட்டார். ‘ஊதுவது’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கோட்டை விடுவது என்றும் பொருள். அதைப் பாடிக்கொண்டே ஆட்டக்காரர்கள் இருந்த ரயில் பெட்டி வழியாக நடந்தார் என்று சொல்லப்படுகிறது.

பேஸ்பால் பகடியின் வரலாற்றில் சிரிப்பே வராத ஒரே பாட்டு இதுதான் என்று நினைக்கிறேன். கேஸியின் தோல்வியைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது, ஏனென்றால் அவன் முழு பலத்தோடு வீசினான். வேண்டுமென்றே தவறவிட்டவனை வைத்துக் கேலிப்பாட்டு எழுதலாம், ஆனால் அதை அவனோடு சேர்ந்து பாட முடியாது. அதற்குப் பிறகு லார்ட்னருக்கு அந்த ஆட்டத்தின் மீதிருந்த பழைய பாசம் திரும்பவே இல்லை.

6

1949 ஜனவரியில் ‘ஸ்போர்ட்’ இதழில் ஆக்டன் நாஷ் ஒரு அரிச்சுவடிப் பாட்டு எழுதினார். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய ஆட்டக்காரர், ஆளுக்கு நாலு குட்டி வரி. நாஷ் கோணல் எதுகைகளின் ராஜா. எக்ஸ் எழுத்தில் தொடங்கும் ஆட்டக்காரர் கிடைக்காமல், ஜிம்மி ஃபாக்ஸ் பெயரின் கடைசியில் இருக்கும் இரண்டு எக்ஸ்களைப் பிடித்து ஒப்பேற்றினார். ‘ஐ’ எழுத்துக்குத் தன்னையே ரசிகராகப் போட்டுக்கொண்டார். ஜாலியான பாட்டு. குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

சொல்லிக் கொடுக்கும்போது, அதில் யார் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இருபத்தாறு எழுத்துகளில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. இதற்கு நாஷைத் திட்டிப் பயனில்லை. அவர் எழுதியது பெரிய லீகுகளின் ‘நேற்று’ பற்றி. அந்த நேற்றுக்குள் அவர்களை யாரும் விடவில்லை. தேயர் கேஸி பாட்டுக்கு வைத்த துணைத்தலைப்பில் அது 1888-ல் பாடப்பட்ட குடியரசின் பாட்டு என்று ஒரு குறும்பு இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம், 1887 ஜூலை 14, சிகாகோ அணியின் தலைவர் கேப் ஆன்சன், நூவர்க் அணியின் கறுப்பினப் பிட்ச்சர் ஜார்ஜ் ஸ்டோவி ஆடினால் நாங்கள் ஆடமாட்டோம் என்று அடம்பிடித்தார். ஸ்டோவி ஆடவில்லை. அதே நாளில் இன்டர்நேஷனல் லீகின் உரிமையாளர்கள் இனிமேல் கறுப்பினத்தவரைப் புதிதாக எடுப்பதில்லை என்று வாக்களித்தார்கள். பதின்மூன்று மாதம் கழித்து வாலக்ஸ் தியேட்டரில் ஹாப்பர் கேஸியைச் சொன்னபோது, பெட்டி இருக்கைகளில் விருந்தாளியாக இருந்தது இதே ஆன்சனின் அணி.

அந்தக் கதவு 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் உள்ளே வந்தபோதுதான் திறந்தது. கறுப்பினத்தவர் லீகுகளின் மாபெரும் பேட்டர் ஜாஷ் கிப்சன் அதற்கு மூன்று மாதம் முன்பு, முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். 2024-ல் பேஸ்பால் நிர்வாகம் அந்த லீகுகளின் கணக்குகளையும் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்த்தது. வாழ்நாள் சராசரியில் .367 எடுத்து முதலிடத்தில் இருந்த டை காப் இறங்கினார். .372 எடுத்த கிப்சன் ஏறினார். நாஷின் பாட்டில் காப் இருக்கிறார். கிப்சனுக்கு உரிய எழுத்தில் லூ கேரிக் இருக்கிறார். கேரிக்கும் தகுதியானவர்தான், அதில் சந்தேகமே இல்லை. கணக்கு ஏட்டை எழுபத்தைந்து வருஷம் கழித்துத் திருத்திவிட்டார்கள். பாட்டைத் திருத்த முடியாது. எட்டு வரியால் மூன்று பேர் மண்டபத்துக்குள் போனதற்கு இது மறுபக்கம்.

இந்த மறதியையே கருப்பொருளாக்கியவர் ஃபிலிப் ராத். 1973-ல் அவர் ஒரு நாவல் எழுதி, கூச்சமே இல்லாமல் ‘மகத்தான அமெரிக்க நாவல்’ என்று தலைப்பு வைத்தார். அமெரிக்க எழுத்தாளர்கள் எல்லாரும் ஒருநாள் எழுதிவிடலாம் என்று கனவு காணும் அந்தச் சாதனத்தின் பெயர் அது. உள்ளே ஹாத்தார்ன், மெல்வில், டுவெய்ன், சாஸர் எல்லாருக்கும் பகடி நடக்கிறது. கதை, மூன்றாவதாக ஒரு பெரிய லீக் இருந்தது, பிறகு அதை எல்லா ஏடுகளிலிருந்தும் அழித்துவிட்டார்கள் என்பது. அதில் ஒரு அணியின் மைதானத்தை இரண்டாம் உலகப்போருக்காக அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்துவிட, 1943 முழுக்க அந்த அணி சொந்த ஊரே இல்லாமல் ஊர் ஊராக அலைந்து தோற்கிறது. வெறும் கிறுக்குத்தனம் மாதிரி தெரியும். ஆனால் ஒரு நாடு தன் வரலாற்றிலிருந்து சிலரை முழுசாக அழிக்க முடியும், அழித்ததையும் மறக்க முடியும் என்பது கற்பனை இல்லை என்று ஸ்டோவியையும் கிப்சனையும் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

7

மட்வில்லுக்குத் திரும்புவோம். இல்லாத ஊர் என்று சொன்னேன். ஆனால் இன்றைக்கு இரண்டு ஊர்கள் நாங்கள்தான் மட்வில் என்று உரிமை கொண்டாடுகின்றன. ஒன்று கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன்; இன்னொன்று மாசசூசெட்ஸின் ஹாலிஸ்டன், அங்கே மட்வில் என்ற பெயரில் ஒரு பகுதியே இருக்கிறது. ஸ்டாக்டனின் உள்ளூர் அணி 2000-ஐ ஒட்டிச் சில காலம் தன் பெயரையே மட்வில் என்று மாற்றி வைத்துக்கொண்டது. 1996-ல் அமெரிக்கத் தபால்துறை நாட்டார் வீரர்களின் வரிசையில் கேஸிக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. கூட இருந்த மூன்று பேரில் ஜான் ஹென்றி மலையைக் குடைந்தவர், பால் பன்யன் காட்டை வெட்டிச் சாய்த்தவர், பீகோஸ் பில் சூறாவளியை ஓட்டியவர். கேஸி மட்டும்தான் எதையும் சாதிக்காமல் தபால்தலை ஆனவன்.

வெற்றிக்கு உரிமை கோரி ஊர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். தோல்விக்கு உரிமை கோரி அடித்துக்கொள்வதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பல மாதம் கழித்து, அதே அமெரிக்க சீனியரோடு வேறொரு கால். ஆட்கள் சேர்வதற்காகக் காத்திருந்த நேரத்தில், அன்றைக்கு அவர் சொன்ன பாட்டை முழுசாகப் படித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். தேயர், ஹாப்பர், கெல்லி, மீசை எல்லாவற்றையும் கொட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், தான் அந்தப் பாட்டை முழுசாகப் படித்ததே இல்லை என்றார். அப்பா ஒவ்வொரு தடவை தன் அணி தோற்கும்போதும் டிவியை அணைத்துவிட்டு அந்தக் கடைசி வரியைச் சொல்வாராம். அது ஒரு பாட்டில் வருவது என்பதே காலேஜ் போனபிறகுதான் அவருக்குத் தெரியுமாம்.

அதற்குள் எல்லாரும் கால்-இல் சேர்ந்துவிட்டார்கள். பழைய ரிலீஸைத் திருத்தி இரண்டாவது தடவை ஏற்றும் நாள் அது. போனது, நின்றது. யாரும் எதுவும் மேற்கோள் காட்டவில்லை.